பத்தொன்பது வருஷம், ஒரே ஒரு கடிகாரம்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். இன்னைக்கே ஆயிரம் ரூபாய் வேணுமா, இல்ல ஒரு வருஷம் கழிச்சு ஆயிரத்து ஐநூறு வேணுமா? போன வாரம் ஹாஸ்டல்ல சாப்பாட்டு வரிசையில நிக்கும்போது இதைக் கேட்டுப் பார்த்தேன். கேட்ட எல்லாரும் யோசிக்காம இன்னைக்கேன்னு சொன்னாங்க. ஒருத்தன் மட்டும் அந்த ஆயிரத்து ஐநூறுல பாதியை இப்பவே அட்வான்ஸா தருவியான்னு கேட்டான்.

துணிக்கடைக்காரங்களாவது ஆடி மாசத்துல மட்டும்தான் தள்ளுபடி போடுறாங்க. நம்ம மனசு எதிர்காலத்துக்கு வருஷம் முழுக்கத் தள்ளுபடி போடுது. ஒரு பரிசு தள்ளிப் போகப் போக அதோட மதிப்பு மனசுக்குள்ள குறைஞ்சுகிட்டே வருது. இது உளவியல்ல நல்லா அளந்து பார்த்த விஷயம். புறாவை வச்சுக்கூட அளந்திருக்காங்க. அந்தச் சரிவை கிராஃபா வரைஞ்சா ஹைபர்போலா மாதிரி வரும். இன்னைக்கும் நாளைக்கும் நடுவுல செங்குத்தா விழும், ஒரு வருஷம் கழிச்சு வர்ற ரெண்டு நாளுக்கு நடுவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது. ஒரே ஆளை ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பக் கேட்டாலும் பெரும்பாலும் பழைய பதிலை ஒட்டியே சொல்றாங்களாம். அந்த அளவுக்கு அது ஒருத்தரோட குணம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு.

தாமதம் மட்டும் இல்ல. கிடைக்குமா கிடைக்காதான்னு தெரியாத பரிசுக்கும் தள்ளுபடி உண்டு, மெனக்கெட்டாதான் கிடைக்கும்ங்கற பரிசுக்கும் உண்டு. ஆனா இந்த மூணும் ஒண்ணு இல்ல. பழைய ஃபேன்ல ரெகுலேட்டர் இருக்குமே, அந்த மாதிரி மூணு தனித்தனி குமிழ்னு வச்சுக்குங்க. ஒண்ணைத் திருப்பினா மத்தது தானா திரும்பாது. பொறுமையா காத்திருக்கறவன் ரிஸ்க் எடுப்பான்னு சொல்ல முடியாது. ராத்திரி பகலா உழைக்கறவனுக்குப் பொறுமை இருக்கும்னும் சொல்ல முடியாது.

இதைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தவர் ஜான் ஹாரிசன். இங்கிலாந்துக்காரர், தச்சர் மகன். தாமதக் குமிழும் உழைப்புக் குமிழும் அவரிடம் பூஜ்யத்தில் இருந்தன. மூன்றாவது குமிழ் மட்டும் வேறு மாதிரி.

ஹாரிசன் பிறந்தது 1693 மார்ச்சில், யார்க்‌ஷயரில் ஃபவுல்பி என்ற சின்ன ஊரில். சிறுவயதிலேயே குடும்பம் லிங்கன்ஷயரில் உள்ள பாரோ என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவிடம் தச்சு வேலை கற்றார். பெரிய பள்ளிப் படிப்பு எதுவும் கிடையாது. யாரோ ஒரு பாதிரியார் மூலமாக இயற்பியல் பாடக் குறிப்பு ஒன்று கையெழுத்துப் பிரதியாகக் கைக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திய நிக்கோலஸ் சாண்டர்சன் என்ற கண் தெரியாத கணிதப் பேராசிரியரின் வகுப்புக் குறிப்புகள் அவை. ஹாரிசன் அதை வரிக்கு வரி, படத்துக்குப் படம் கையால் நகல் எடுத்து வைத்துக்கொண்டார். (ஜெராக்ஸ் எடுத்துட்டா படிச்ச மாதிரின்னு நினைக்கிற நம்ம கூட்டத்துக்கு இது கொஞ்சம் உறுத்தும்.)

முதல் கடிகாரத்தை 1713-இல் செய்தார், அப்போது வயது இருபது. ஆச்சரியம் என்னவென்றால் அது கிட்டத்தட்ட முழுக்க மரம். பல்சக்கரமே மரம். யாரிடமும் கடிகாரத் தொழில் கற்காத ஒருவர், தனக்குத் தெரிந்த பொருளை வைத்துக்கொண்டு செய்தார், அவ்வளவுதான். 1722 வாக்கில் பிராக்லெஸ்பி பார்க் என்ற ஜமீன் மாளிகையின் குதிரை லாயத்துக்கு ஒரு கோபுரக் கடிகாரம் செய்து கொடுத்தார். அந்தக் காலத்தில் கடிகாரங்கள் கெட்டுப் போனதற்குப் பெரிய காரணம் எண்ணெய். வெயிலில் இளகும், குளிரில் இறுகும், தூசி சேர்ந்து பிசின் ஆகும். ஹாரிசன் எண்ணெயே வேண்டாம் என்று முடிவு செய்தார். தானே எண்ணெய் கசியும் லிக்னம் வைட்டே என்ற கடின மரத்தை உராயும் இடங்களில் போட்டார். அந்தக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது.

அடுத்து தம்பி ஜேம்ஸோடு சேர்ந்து பெண்டுலக் கடிகாரங்களைச் சீர் செய்தார். வெப்பத்தில் பெண்டுலம் நீண்டால் கடிகாரம் மெதுவாகும் என்பது நமக்கு ஃபர்ஸ்ட் இயர் இயற்பியல். ஹாரிசன் பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கினார். ஒன்று கீழ்நோக்கி நீளும்போது இன்னொன்று மேல்நோக்கி நீண்டு சமன் செய்துவிடும். சரி, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துச் சோதிப்பது? அதைவிட நல்ல கடிகாரம் ஊரிலேயே இல்லையே! வீட்டு ஜன்னல் சட்டத்தின் ஓரத்தையும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியையும் ஒரு நேர்கோடாக வைத்துக்கொண்டு, இரவில் ஒரு நட்சத்திரம் அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் நொடியைக் குறித்துக்கொண்டார். நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் 3 நிமிடம் 56 வினாடி முன்னதாக மறையும். கடிகாரம் அதற்கு ஒத்துப் போக வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்து, மாதத்துக்கு ஒரு வினாடிதான் பிசகு என்ற இடத்துக்கு வந்ததாக அவர் கணக்கு. அந்தக் காலத்து நல்ல கடிகாரங்கள் மாதத்துக்கு அல்ல, நாளுக்கே வினாடிக் கணக்கில் பிசகின.

இங்கேதான் பரிசு வருகிறது.

1707-இல் பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சில்லி தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் ஓர் இரவில் செத்துப் போனார்கள். அட்சரேகையைச் சூரியனை வைத்தோ துருவ நட்சத்திரத்தை வைத்தோ கண்டுபிடித்துவிடலாம். தீர்க்கரேகை அப்படி அல்ல. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, அதாவது ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். நம்ம இந்திய நேரமே 82.5 டிகிரியை நாலால பெருக்கி வந்த 330 நிமிஷம்தான், அதாவது கிரீன்விச்சை விட ஐந்தரை மணி நேரம் முன்னாடி. ஆகவே கப்பல் நிற்கும் இடத்து நேரமும், கிளம்பிய ஊரின் நேரமும் ஒரே சமயத்தில் தெரிந்தால் தீர்க்கரேகை தெரிந்துவிடும். உள்ளூர் நேரத்தைச் சூரியன் சொல்லும். கிளம்பிய ஊரின் நேரத்தை யார் சொல்வது? ஆட்டத்தில் பெண்டுலம் ஓடாது, வெப்பம் மாறும், உப்புக் காற்று அடிக்கும்.

1714-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டுப் பரிசு அறிவித்தது. ஒரு டிகிரிக்குள் தீர்க்கரேகை சொன்னால் 10,000 பவுண்டு, மூன்றில் இரண்டு டிகிரிக்குள் சொன்னால் 15,000, அரை டிகிரிக்குள் சொன்னால் 20,000. மேற்கிந்தியத் தீவுகள் வரை பயணம் செய்து நிரூபிக்க வேண்டும். அரை டிகிரி என்றால் மொத்தமே இரண்டு நிமிடம். ஆறு வாரப் பயணம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு மூன்று வினாடிக்குக் குறைவான பிசகு. அதுவும் கப்பலில். நடக்காத காரியம் என்றுதான் பலர் நினைத்தார்கள். நியூட்டனுக்கே கடிகாரத்தின் மீது நம்பிக்கை இல்லை, வானத்தில்தான் விடை இருக்கும் என்பது அவர் எண்ணம்.

பரிசு எப்போது வரும் என்று தெரியாது, வருமா என்றும் தெரியாது, வேலையோ மலை போல. மூன்று தள்ளுபடியும் ஒன்றாகப் போட்டால் 20,000 பவுண்டு மனசுக்குள் எத்தனை பைசாவாக நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1730 வாக்கில் ஹாரிசன் ஒரு வரைபடக் கட்டோடு லண்டன் போனார். அரசு வானியலாளர் எட்மண்ட் ஹாலியைப் பார்த்தார். (வால்நட்சத்திர ஹாலிதான்.) ஹாலி நிலாவை வைத்துத் தீர்க்கரேகை கண்டுபிடிக்கும் கட்சியைச் சேர்ந்தவர். ஆனாலும் இவரை விரட்டவில்லை, ஜார்ஜ் கிரஹாம் என்ற பெரிய கடிகார நிபுணரிடம் அனுப்பி வைத்தார். கிரஹாம் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்து கேட்டார். கடைசியில் அவசரமில்லாமல் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, வட்டியில்லாமல் கடன் கொடுத்து அனுப்பினார். ஐடியாவைத் திருடாத சீனியர் கிடைக்கிறது எந்தக் காலத்திலும் அதிர்ஷ்டம்தான்.

ஐந்து வருடம் உழைத்து முதல் கடல் கடிகாரத்தை 1735-இல் முடித்தார். பிற்காலத்தில் எச்-1 என்று பெயர் வைத்தார்கள். முப்பத்துநான்கு கிலோ எடை. பெண்டுலத்துக்குப் பதில் ஸ்பிரிங்கால் இணைத்த இரண்டு ஆடும் தண்டுகள், கப்பல் சாயும்போது ஒன்றின் பிசகை இன்னொன்று அடித்துவிடும். 1736-இல் லிஸ்பன் வரை ஒரு கடல் பயணத்தில் சோதித்தார்கள். போகும்போது ஹாரிசனுக்குக் கடல் ஒவ்வாமல் வாந்தி. திரும்பும்போது இங்கிலாந்தின் கரை தெரிந்ததும் கப்பல்காரர்கள் ஓர் இடத்தின் பெயரைச் சொன்னார்கள். ஹாரிசன் தன் கடிகாரத்தை வைத்து இல்லை, இது வேறு இடம், அறுபது மைல் தள்ளி இருக்கிறோம் என்றார். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

1737 ஜூன் 30. சட்டம் போட்டு இருபத்துமூன்று வருடம் கழித்து, தீர்க்கரேகை வாரியம் முதன்முதலாகக் கூடியது. கூடியதே இவருக்காகத்தான். கப்பல் தலைவர் நல்ல சான்றிதழ் கொடுத்திருந்தார். அறையில் இருந்த யாரும் கடிகாரத்தைக் குறை சொல்லவில்லை. லிஸ்பன் கணக்கில் வராது, மேற்கிந்தியத் தீவுக்கு ஒரு பயணம் வேண்டும் என்று ஹாரிசன் கேட்டிருக்கலாம். பரிசுக்கு அப்படிப் போட்டி போட்டுப் பார்க்கும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவர் கேட்கவில்லை. கடிகாரத்தில் என்னென்ன குறை என்று அந்த அறையில் சொன்ன ஒரே ஆள் அதைச் செய்தவரே. இன்னும் சின்னதாக, இன்னும் நன்றாக ஒன்று செய்ய இரண்டு வருடமும் ஐந்நூறு பவுண்டும் போதும் என்றார். வாரியம் மகிழ்ச்சியாகச் சம்மதித்து பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தது. ஏன் மகிழாது? இருபதாயிரத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலை ஐந்நூறோடு முடிந்துபோனது.

எச்-2 சொன்னபடி இரண்டே வருடத்தில் தயார். ஆனால் கப்பல் திரும்பும்போது ஏற்படும் ஒருவகைச் சுழற்சிக்கு அந்த ஆடும் தண்டுகள் ஈடுகொடுக்காது என்று ஹாரிசன் கண்டுபிடித்தார். யாரும் கேட்காமலே அதை ஒதுக்கி வைத்தார். எச்-2 கடலையே பார்க்கவில்லை.

எச்-3-ஐ 1740-இல் தொடங்கினார். பத்தொன்பது வருடம் ஆனது.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. இதைப் படிக்கிற நம்மில் பல பேரோட மொத்த வயசு அது. 753 பாகங்கள் கொண்ட ஒரு எந்திரத்தைப் பிரித்து, மாட்டி, மறுபடி பிரித்து. இடையிடையே வாரியத்திடம் போய் இன்னும் ஐந்நூறு கேட்பார், கொடுப்பார்கள். 1749-இல் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது. ஆனால் கடிகாரம் மட்டும் அவர் நினைத்த இடத்துக்கு வரவே இல்லை.

அந்தப் பத்தொன்பது வருடத்தில் இரண்டு விஷயம் பிறந்தது. ஒன்று, பித்தளையையும் எஃகையும் ஒன்றாக ஒட்டிச் செய்த பட்டை, சூட்டில் வளைந்து ஸ்பிரிங்கைச் சரிசெய்யும். நம்ம லேப்ல தெர்மோஸ்டாட்டைத் திறந்தா இருக்கிற பைமெட்டாலிக் ஸ்ட்ரிப் அதுதான். இன்னொன்று, கூண்டுக்குள் உருளைகளை வைத்து உராய்வைக் குறைக்கும் பேரிங். மெக்கானிக்கல் பசங்களுக்கு அதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. ஆக, வீண் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. நாளைய பரிசுக்குக் கொஞ்சமும் தள்ளுபடி போடாத மனசும் ஒருவகையில் கோணல்தான். இன்னும் கொஞ்சம் நன்றாக வரும் என்பது நிரந்தரமாக இன்றையதை விடப் பெரிதாகத் தெரிந்தால், கையில் இருப்பதை எப்போதுமே ஒப்படைக்க முடியாது. ஹாரிசனால் காத்திருக்க முடிந்தது, உழைக்க முடிந்தது. அரைகுறை நிச்சயத்தோடு ஒரு பொருளை வெளியே அனுப்ப மட்டும் முடியவில்லை. நம்ம ப்ராஜெக்ட்ல ரிவியூ வரைக்கும் எதையும் தொடாத ஒருத்தனும், ரிப்போர்ட் ஃபான்ட்டையே மாத்திக்கிட்டு சப்மிட் பண்ணாத ஒருத்தனும் இருப்பாங்களே. முதல் ஆளைத்தான் எல்லாரும் திட்டுவாங்க.

விடை எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 1753-இல் ஹாரிசன் தன் சொந்த உபயோகத்துக்காக ஜான் ஜெஃப்ரிஸ் என்ற வாட்ச் தொழிலாளியிடம், தன் யோசனைப்படி ஒரு பாக்கெட் வாட்ச் செய்யச் சொல்லி வாங்கினார். பாக்கெட் வாட்ச் என்றால் அப்போது பொம்மை மாதிரி, நேரத்துக்கு நம்ப முடியாது. ஆனால் இது வியப்பூட்டும் அளவுக்கு ஒழுங்காக ஓடியது. பெரிய எந்திரம் மெதுவாக ஆடும், அதனால் கப்பலின் மெதுவான ஆட்டம் அதைத் தொந்தரவு செய்யும். சின்னச் சக்கரம் வேகமாக, வீச்சாக ஆடினால் கப்பலின் ஆட்டம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அறுபது வயதில், இருபது வருடத்துக்கும் மேல் கட்டிய பாதை தவறு என்று ஒப்புக்கொண்டு வேறு பாதைக்குத் திரும்பினார். பத்தொன்பது வருடக் காத்திருப்பை விட இந்தத் திரும்பலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1759-இல் எச்-4 தயாரானது. பதின்மூன்று சென்டிமீட்டர் விட்டம், ஒன்றரை கிலோ. வினாடிக்கு ஐந்து துடிப்பு. உள்ளே உராயும் இடங்களில் வைரமும் மாணிக்கமும். பார்க்க ஒரு பெரிய பாக்கெட் வாட்ச், அவ்வளவுதான்.

1761 நவம்பரில் டெப்ட்ஃபோர்டு என்ற போர்க்கப்பலில் ஜமைக்காவுக்குக் கிளம்பியது. ஹாரிசனுக்கு அறுபத்தெட்டு வயது, மகன் வில்லியம் உடன் போனார். வழியில் கப்பலில் பீர் கெட்டுப்போய், மாலுமிகள் தண்ணீர் குடிக்க வேண்டிய நிலை. (அந்தக் காலக் கப்பலில் அது நிஜமான பஞ்சம், சிரிக்காதீங்க.) மதேய்ரா தீவு எப்போது வரும் என்று எல்லாரும் ஏங்கிக் கொண்டிருந்தார்கள். கப்பல்காரர்கள் கணக்கு ஒன்று சொன்னது, வாட்ச் வேறு சொன்னது. இதே திசையில் போங்கள், நாளைக் காலையில் தீவு தெரியும் என்றார் வில்லியம். தெரிந்தது. ஜமைக்கா போய்ச் சேர்ந்தபோது, எண்பத்தொரு நாளில் வாட்ச்சின் பிசகு ஐந்து வினாடிதான். இரண்டு நிமிடம் வரை அனுமதி உண்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசு வந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாரியம் நினைக்கவில்லை. ஜமைக்காவின் தீர்க்கரேகையே துல்லியமாகத் தெரியாது, இது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம், இன்னொரு தடவை போய் வா என்றது. கையில் 1,500 பவுண்டு கொடுத்தது.

இரண்டாவது பயணம் 1764-இல், டார்ட்டர் கப்பலில், பார்படாஸுக்கு. அங்கே வானத்தை அளந்து சரிபார்க்க வந்து இறங்கியிருந்தவர் நெவில் மாஸ்கெலின். நிலாவை வைத்துத் தீர்க்கரேகை காணும் முறையின் முக்கிய ஆதரவாளர், அதாவது போட்டியாளர். வில்லியம் அங்கேயே சண்டை போட்டார். ஆனாலும் முடிவு மாறவில்லை. நாற்பத்தேழு நாளில் முப்பத்தொன்பது வினாடி பிசகு. சட்டம் கேட்டதை விட மூன்று மடங்கு துல்லியம்.

மறு வருடம் மாஸ்கெலின் அரசு வானியலாளர் ஆனார். ஆகவே வாரியத்திலும் உறுப்பினர் ஆனார். 1765-இல் பாராளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. எந்திரத்தின் ரகசியத்தை முழுக்க விளக்கினால் பாதிப் பரிசு. இதே மாதிரி இன்னும் செய்ய முடியும் என்று காட்டினால்தான் மீதி. ஹாரிசன் முதலில் கோபித்துக்கொண்டு கத்திவிட்டு வெளியேறினார். பிறகு தன் வீட்டில் வாட்ச்சைப் பாகம் பாகமாகக் கழற்றி ஆறு நிபுணர்களுக்கு விளக்கினார்.

இந்தக் கதையைச் சொல்றவங்க மாஸ்கெலினை வில்லன் ஆக்கிடுவாங்க. எனக்கு அது முழுசா சரின்னு படல. வாரியம் கேட்டதில் ஒரு நியாயமான இன்ஜினியரிங் கேள்வி இருக்கிறது. ஒரே ஒரு மேதை, ஆயுள் முழுக்கச் செலவழித்துச் செய்த ஒரே ஒரு வாட்ச் கடற்படைக்கு என்ன உபயோகம்? வேறொருவர் செய்தால் வருமா? நிலா முறைக்கு வானமும் ஒரு கோணமானியும் அட்டவணையும் போதும். ஆரம்பத்தில் ஒரு கணக்குப் போட நான்கு மணி நேரம் ஆனது, மாஸ்கெலின் 1767 முதல் வெளியிட்ட கடல் பஞ்சாங்கம் அதை அரை மணி நேரமாகக் குறைத்தது. அவரும் உழைப்பாளிதான். தப்பு எங்கே என்றால், எழுபத்திரண்டு வயது ஆளிடம் ஒவ்வொரு தடவையும் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதில். அவருக்கு ஒரு வருடம் என்பதும் வாரியத்துக்கு ஒரு வருடம் என்பதும் ஒரே அளவு அல்ல. காத்திருக்கச் சொல்கிறவர்களுக்குத் தாமதம் எப்போதுமே மலிவு.

1766-இல் நான்கு கடிகாரங்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய மூன்றையும் எடுக்க மாஸ்கெலினே வந்தார். எடுக்கும்போது எச்-1 கீழே விழுந்து அடிபட்டது. எச்-4-ஐ கிரீன்விச்சில் பத்து மாதம் சோதித்து, நம்ப முடியாது என்று அறிக்கை எழுதினார் மாஸ்கெலின். ஹாரிசன் பதிலுக்குக் கடுமையாக ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். லார்க்கம் கெண்டால் என்ற வாட்ச் தொழிலாளியிடம் எச்-4-இன் நகல் செய்யச் சொல்லி, அது 1769-இல் முடிந்தது. அழகிலும் வேலையிலும் அசலுக்குக் குறையாத நகல். அது போதாது என்றது வாரியம், இன்னும் வேண்டும், அதுவும் ஹாரிசனே செய்ய வேண்டும். முன்மாதிரியைத் திருப்பிக் கொடுக்காமலேயே.

கண்ணும் கையும் தளர்ந்த வயதில் அப்பாவும் மகனும் எச்-5-ஐ முடித்தார்கள். பிறகு வில்லியம் ஒரு துணிச்சலான காரியம் செய்தார், வாரியத்தைத் தாண்டி மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கே கடிதம் எழுதினார். மன்னருக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் உண்டு. தன் சொந்த வானாய்வகத்தில் 1772-இல் எச்-5-ஐ வைத்துச் சோதித்தார். முதல் நாட்களில் வாட்ச் தாறுமாறாக ஓடியது. பக்கத்து அலமாரியில் காந்தக் கற்கள் வைத்திருந்தது மன்னருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது! எடுத்ததும் சரியாகிவிட்டது. பத்து வாரம், நாளுக்கு மூன்றில் ஒரு வினாடிக்குள் பிசகு.

மன்னரின் ஆதரவோடு பாராளுமன்றத்துக்கு மனு போனது. 1773 ஜூனில் பாராளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. வாரியம் வழியாக அல்ல, நேரடியாக. ஹாரிசனுக்கு எண்பது வயது. பல வருடங்களாக வாங்கிய முன்பணங்களையும் சேர்த்தால் மொத்தம் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். ஆனால் 1714 சட்டத்தின் அந்தப் பெரிய பரிசு அவருக்கும் கிடைக்கவில்லை, வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. லண்டன் போய் ஹாலியின் கதவைத் தட்டி நாற்பது வருடம் தாண்டிவிட்டது.

இதற்கிடையில் கேப்டன் குக் தன் இரண்டாவது பயணத்தில், 1772-இலிருந்து மூன்று வருடம், கெண்டால் செய்த நகலைத் தென் கடல் முழுக்கக் கொண்டு சுற்றினார். பனிக்கடலிலும் வெப்ப மண்டலத்திலும் அது சரியாக ஓடியது. குக் 1775 ஜூலையில் திரும்பி வந்து அதைத் தாராளமாகப் புகழ்ந்தார். அப்போது ஹாரிசன் உயிரோடு இருந்தார். 1776 மார்ச் 24 அன்று, ஏறத்தாழ எண்பத்து மூன்று வயதில், லண்டன் ரெட் லயன் சதுக்கத்து வீட்டில் இறந்தார்.

இறப்பதற்கு முந்தைய வருடம் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். படிக்கவே முடியாத நடை, வாக்கியம் பக்கம் பக்கமாக முடியாமல் போகும், பாதி இடம் பழைய கோபம். நடுவில் ஓர் இடத்தில், தரையில் வைக்கும் பெண்டுலக் கடிகாரத்தைத் தன் முறைப்படி செய்தால் நூறு நாளில் ஒரு வினாடிக்கு மேல் பிசகாது என்று சொல்லியிருந்தார். அன்றைய விமர்சகர்கள் கேலி செய்தார்கள், கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்ற அளவுக்கு. அதற்குப் பிறகு இருநூறு வருடம் அந்தப் பக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1970-களில் மார்ட்டின் பர்ஜஸ் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் அதை எடுத்துக்கொண்டார். ஹாரிசன் சொன்ன முறைப்படி இரண்டு பெண்டுலக் கடிகாரங்களைச் செய்யத் தொடங்கினார். இரண்டாவதை முடிக்கவே பல பத்து வருடங்கள் பிடித்தன. அதைக் கிரீன்விச்சில், மாஸ்கெலின் வேலை பார்த்த அதே ஆய்வகத்தில், ஒரு பெட்டியில் வைத்து முத்திரையிட்டு மூடினார்கள். நூறு நாள் யாரும் தொடவில்லை. 2015-இல் முடிவைப் பார்த்தபோது பிசகு ஒரு வினாடியில் எட்டில் ஐந்து பங்கு.